இருபதுக்குப் பன்னிரண்டு

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறவர் முதலில் 760 டாலர் கட்ட வேண்டும். இணையம் வழியே என்றால் 710. எடிசனிலோ டாலஸிலோ இருக்கும் நம்மூர் மென்பொருள்காரர் என்றால், அதற்கு முன்பே கிரீன் கார்டு வரிசையில் தலைமுடி நரைத்திருக்கும். கார்டு கைக்கு வந்தபின் இன்னும் ஐந்து வருடம் காத்திருந்து, ஒரு நாள் இஸ்திரி போட்ட சட்டையோடு குடியேற்ற அதிகாரி முன்னால் போய் உட்கார வேண்டும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பாடமும் கூடிவிட்டது. முன்பு 100 கேள்விகளைப் படித்துக்கொண்டு போய், பத்துக்கு ஆறு சரியாகச் சொன்னால் போதும். இப்போது படிக்க வேண்டியவை 128, கேட்பது இருபது, சரியாக இருக்க வேண்டியது பன்னிரண்டு. தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி; கட்டிய பணம் அரசாங்கத்துக்கு.

நியாயம்தான். ஒரு நாட்டில் குடியிருக்க வருகிறவனுக்கு அந்நாட்டுச் சட்டம் தெரிந்திருக்க வேண்டாமா?

அந்த நாட்டை ஆள வருகிறவனுக்கு? செனட்டராவதற்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும், ஒன்பது வருடம் குடிமகனாக இருந்திருக்க வேண்டும், அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும். அதிபராவதற்கு 35 வயது, பிறப்பால் குடியுரிமை, 14 வருட வாசம். பாடத்திட்டம் இத்தோடு முடிந்தது. அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் அடுத்தவர் நகத்துக்குச் சாயம் பூசுவதற்குக்கூட உரிமம் வாங்க வேண்டும். அடுத்த நாட்டின் தலையில் குண்டு போட உத்தரவிட, வயது வந்திருந்தால் போதும்.

ஆகவே ஒரு சின்ன ஏற்பாடு செய்வோம். குடியேற்ற அலுவலகத்தின் அதே மேசை, அதே கேள்வித்தாள், அதே தேர்ச்சி விதி. உட்காரும் ஆட்களை மட்டும் மாற்றுவோம். விடைகளை நான் கற்பனை செய்ய வேண்டிய அவசியமில்லை. அவரவர் ஊரறியச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

முதலில் வருகிறார் அலபாமாவின் டாமி டியூபர்வில். ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பத்து ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தவர். கேள்வி: அரசின் மூன்று கிளைகள் எவை? 2020 நவம்பரில் செனட்டுக்குத் தேர்வாகிப் பதவியேற்பதற்கு முன்பே, யாரும் கேட்காமலே, ஒரு பேட்டியில் விடையைச் சொல்லிவிட்டார்: பிரதிநிதிகள் சபை, செனட், நிர்வாகம். சட்டமன்றத்தை இரண்டாக வெட்டியதில் நீதித்துறைக்கு இடமில்லாமல் போய்விட்டது. பழைய கேள்வித்தாளாக இருந்தால் மனிதர் தேறியிருப்பார். அதில் ஏதாவது ஒரு கிளையைச் சொன்னால் போதும். புதியதில் மூன்றையும் சொல்ல வேண்டும்.

சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம். ஆனால் அலபாமா என்ற பெயர் சிரிக்க விடுவதில்லை. 1965 வரை அந்த மாநிலத்தில் கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனால், அவர்கள் முன்னால் எழுத்தறிவுத் தேர்வு என்ற ஒன்றை நீட்டுவார்கள். அரசியல் சாசனத்திலிருந்து பத்திகள், சட்ட நுணுக்கங்கள், பதிவாளரின் மனம்போனபடி கேள்விகள். அதே பதிவாளர்தான் திருத்துவார். அவர் வைத்ததுதான் மதிப்பெண். செல்மா இருக்கும் டல்லஸ் கவுண்டியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பர்களில் ஏறக்குறைய 2 சதவீதம் பேர்தான் பட்டியலில் ஏற முடிந்திருந்தது. 1965 ஜனவரி 22 அன்று நூற்றுக்கு மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள் செல்மா நீதிமன்றப் படிகளில் ஏறினார்கள். பட்டம் பெற்றவர்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர்கள். வாக்காளராகும் அளவுக்கு மட்டும் அவர்களுக்கு அறிவு போதாது என்றது அரசாங்கம். ஷெரிஃப் ஜிம் கிளார்க்கும் அவருடைய ஆட்களும் தடியால் இடித்து அவர்களைப் படியிலிருந்து கீழே தள்ளினார்கள். ஆறு வாரம் கழித்து, அதே ஊரின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில், வாக்குரிமை ஊர்வலத்தின் முன்னால் நடந்த ஜான் லூயிஸின் மண்டை போலீஸ் தடியால் உடைந்தது.

அதே அலபாமாதான் 55 வருடம் கழித்து, மூன்று கிளையைச் சொல்லத் தெரியாத பயிற்சியாளரை 60 சதவீத வாக்கோடு வாஷிங்டனுக்கு அனுப்பி வைத்தது. படிக்கட்டு இல்லை, தடி இல்லை, பதிவாளர் இல்லை. அமெரிக்கக் குடிமையியல் தேர்வின் சரித்திரமே இதுதான். கதவுக்கு வெளியே நிற்கிறவனை நிறுத்தி வைக்க எழுதப்பட்ட கேள்விகள் அவை. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டவனிடம் எவரும் அவற்றைக் கேட்டதில்லை.

அபூர்வமாக ஒருவர் கேட்டார். 2025 மே 20, செனட் குழு விசாரணை. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலாளராக இருந்த கிறிஸ்டி நோயமிடம் நியூ ஹாம்ப்ஷயர் செனட்டர் மேகி ஹாசன் ஒரு கேள்வி கேட்டார்: ஹேபியஸ் கார்பஸ் என்றால் என்ன? நாட்டைவிட்டு ஆட்களை வெளியேற்ற அதிபருக்கு அரசியல் சாசனம் தந்திருக்கும் உரிமை அது என்று விளக்கத் தொடங்கினார் அமைச்சர். மதுரையில் டீக்கடைப் பெஞ்சில் செய்தித்தாள் புரட்டுகிற பெரியவருக்குக்கூட ஆட்கொணர்வு மனு என்றால் என்னவென்று தெரியும். போலீஸ் தூக்கிக்கொண்டு போன பிள்ளையை நீதிபதி முன்னால் கொண்டுவந்து நிறுத்து, எதற்காகப் பிடித்தாய் என்று சொல் என அரசாங்கத்தின் சட்டையைப் பிடித்துக் கேட்கிற உரிமை அது. அமைச்சர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். தெரியாமல் போனது ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் விதி என்றால் மன்னிக்கலாம். ஆட்களைப் பிடிப்பதும் அடைப்பதும் அனுப்புவதும்தான் அவருடைய துறைக்கு வேலையே.

மூன்று வாரம் கழித்து லாஸ் ஏஞ்சலிஸில் அதே அமைச்சரின் பத்திரிகையாளர் சந்திப்பு. கலிபோர்னியா செனட்டர் அலெக்ஸ் படியா, தன் பெயரைச் சொல்லி, ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றார். அவரை வெளியே தள்ளிக்கொண்டு போய், தரையில் கிடத்தி, கையில் விலங்கு மாட்டினார்கள். கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த விடை மட்டும் சரியாக இருந்தது.

அடுத்து அதிபரே வருகிறார். எல்லோரும் எழுந்து நிற்கவும். கேள்வி: அரசியல் சாசனத்தைக் காக்க வேண்டியது உங்கள் கடமை இல்லையா? 2025 மே 4 அன்று ஒளிபரப்பான என்பிசி பேட்டியில் டொனால்டு டிரம்ப் சொன்ன விடை: எனக்குத் தெரியாது, என்னிடம் பிரமாதமான வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அரசியல் சாசனத்தைக் காப்பேன் என்று நாடே பார்க்கச் சத்தியம் செய்து அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை. குடியேறி வந்தவர் அதிகாரியிடம் 'எனக்குத் தெரியாது, என் வக்கீலைக் கேளுங்கள்' என்று சொல்லிப் பார்க்கட்டும்.

அதிபரை மட்டும் குறை சொல்ல முடியாது, விடைக்குறிப்பே மாறிவிட்டது. சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன என்பது அந்தத் தேர்வில் பல வருடமாகக் கேட்கப்படும் கேள்வி. சட்டத்துக்கு மேலானவர் எவரும் இல்லை என்பது அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்திருக்கும் விடை. 2024 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதைத் திருத்தியது. அரசியல் சாசனம் தனக்கே தந்த அதிகாரத்தை வைத்து அதிபர் என்ன செய்தாலும் வழக்கில்லை. மற்ற அலுவல் செயல்களுக்கும் பாதுகாப்பு உண்டென்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. கையேட்டை மட்டும் யாரும் திருத்தவில்லை. இன்றும் கேரளத்துச் செவிலியரும் மெக்சிகோ கொத்தனாரும் சட்டத்துக்கு மேலானவர் எவரும் இல்லை என்று உருப்போட்டு ஒப்பிக்கிறார்கள். ஒப்பித்தவருக்கு மதிப்பெண், சட்டத்தை மிதித்தவருக்கு மாளிகை.

எழுத்துத் தேர்வு இந்த லட்சணம். செய்முறைத் தேர்வுக்குப் போவோம்: நாகரிகமாக விவாதிப்பது.

இதில் நெடிய மரபு உண்டு. 1856 மே 22 அன்று தென் கரோலினாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ், அடிமை முறையை எதிர்த்துப் பேசிய செனட்டர் சார்லஸ் சம்னரை, அவருடைய மேசையிலேயே வைத்துக் கைத்தடியால் அடித்து ரத்தத்தில் சாய்த்தார். தொகுதி மக்கள் வெட்கப்பட்டார்களா? புதுக் கைத்தடிகள் வாங்கி அனுப்பினார்கள். ராஜினாமா செய்தவரை மறுபடி தேர்ந்தெடுத்தும் அனுப்பினார்கள். 2009-இல் ஒபாமா உரையாற்றும்போது 'பொய் சொல்கிறாய்' என்று கத்திய ஜோ வில்சனும் அதே தென் கரோலினா. கைத்தடிக்குப் பதிலாக இவருக்குப் பணம் வந்தது. சில நாளிலேயே பத்து லட்சம் டாலருக்கு மேல். 2023 நவம்பரில் செனட்டர் மார்க்வெய்ன் மல்லின், விசாரணைக்கு வந்த தொழிற்சங்கத் தலைவரோடு அங்கேயே கட்டிப் புரள நாற்காலியைவிட்டு எழுந்தார். 'உட்காருங்கள், நீங்கள் ஒரு செனட்டர்' என்று எண்பதைத் தாண்டிய பெர்னி சாண்டர்ஸ் அதட்ட வேண்டியிருந்தது. அடுத்த வருடம் பிரதிநிதிகள் சபைக் குழு ஒன்றில் ஒரு உறுப்பினரின் பொய் இமைமுடி பற்றியும் இன்னொருவரின் உடல்வாகு பற்றியும் ஆழமான விவாதம் நடந்தது. குழுவின் பெயர் மேற்பார்வைக் குழு. பார்வை எங்கே மேய்ந்தது என்பது பதிவாகியிருக்கிறது.

2025 அக்டோபர் 18 அன்று 'மன்னர் வேண்டாம்' என்று லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அதிபர் பதில் சொன்னார். செயற்கை நுண்ணறிவில் செய்த ஒரு காணொளி: அவர் தலையில் கிரீடம், போர் விமானம் ஓட்டுகிறார், ஊர்வலம் போகிற மக்கள் தலையில் மலம்போன்ற ஒன்றைக் கொட்டுகிறார். புறத்தேர்வாளராக வந்த சபாநாயகர் மைக் ஜான்சன், அதிபர் அங்கதத்தைக் கையாள்கிறார் என்று சான்றிதழ் கொடுத்தார். அரசியல் எதிரிகளைக் கொல்லவா சொல்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டார். அங்கதம் எழுதிப் பிழைக்கிறவர்கள் வயிற்றில் இப்படி அடிக்கலாமா? சரியாக ஒரு மாதம் போனது. சட்டவிரோதமான உத்தரவுக்கு ராணுவத்தினர் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று ஆறு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் ஒரு காணொளி வெளியிட்டார்கள். அது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். இது தேசத்துரோகக் கலகம், மரண தண்டனைக்கு உரியது என்று கொட்டை எழுத்தில் பதிந்தார் அதிபர்.

மேலே இருப்பவர் கொட்டலாம். கீழே இருப்பவர் கத்தக் கூடாது. 2025 மார்ச்சில் குடியரசுக் கட்சித் தேர்தல் குழுத் தலைவர், மக்களை நேரில் சந்திக்கும் கூட்டங்களைத் தவிர்க்கும்படி தன் கட்சியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களுக்குச் சொன்னார். அப்படியொரு கூட்டம் நடத்திய அதே கட்சியின் அயோவா செனட்டர் ஜோனி எர்ன்ஸ்டிடம், ஏழைகளுக்கான மருத்துவ உதவியை வெட்டினால் ஜனங்கள் செத்துப்போவார்கள் என்று கூட்டத்தில் ஒரு குரல் கத்தியது. 'நாம் எல்லோரும் சாகத்தானே போகிறோம்' என்றார் செனட்டர். மறுநாள் கல்லறைத் தோட்டம் போலத் தெரிந்த இடத்தில் நின்று, குழந்தைகள் நம்பும் பல் தேவதையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கவில்லையே, நல்லவேளை என்று நக்கலாக ஒரு மன்னிப்புக் காணொளி. மருந்துக்குப் பணமில்லாதவனுக்கு வேதாந்தம் சொல்கிறவளை நம் ஊரில் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று எழுத முடியாது. நாகரிக உரையாடல் பற்றிய கட்டுரை இது.

நாகரிகம் தொலைத்த அரசியல் பேச்சுக்கு விலை கொடுக்கிறவர்களும் உண்டு. 2025 ஜூனில் மின்னசோட்டாவின் முன்னாள் சபாநாயகர், ஜனநாயகக் கட்சியின் மெலிசா ஹார்ட்மன், கணவரோடு சொந்த வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பரில் யூட்டாவில் மாணவர்கள் நடுவே உட்கார்ந்து விவாதித்துக்கொண்டிருந்த டிரம்ப் ஆதரவாளர் சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு முறையும் நிதானம் வேண்டும் என்று அறிக்கைகள் வந்தன. மை காயும் முன்பே, செத்தது நம்ம ஆளா அவங்க ஆளா என்று பார்த்துக் கண்ணீரை அளந்து விட்டார்கள். கிர்க் கொலையை ஒட்டிப் பேசியதற்காக நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சியை, தொலைத்தொடர்பு ஆணையத் தலைவர் மிரட்டிய அன்றே ஏபிசி தொலைக்காட்சி நிறுத்தி வைத்தது. கருத்துச் சுதந்திரத்துக்காகப் பல வருடம் தொண்டை கிழியக் கத்திய கட்சியின் அரசாங்கம் அது.

மறுபக்கத்து மேசையும் காலியாக இல்லை. செனட் வெளியுறவுக் குழுவுக்கே தலைவராக இருந்த ஜனநாயகக் கட்சியின் பாப் மெனெண்டெஸ் வீட்டில் தங்கக் கட்டிகளும், சட்டைப் பைகளில் திணித்த நோட்டுக் கட்டுகளும் கிடைத்தன; 11 வருடச் சிறை. மகனுக்கு மன்னிப்பு வழங்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த ஜோ பைடன், 2024 டிசம்பர் 1 அன்று வழங்கினார். பாசத்துக்கு முன்னால் நீதி என்ன செய்யும்? 2025 மார்ச்சில் அதிபர் உரையாற்றும்போது இந்தக் கட்சி உறுப்பினர்கள் ஏலத்தில் கை தூக்குவதுபோல் குட்டி அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். ஜனநாயகம் எரிகிறது என்று சொன்னவர்கள் கொண்டுவந்த வாளி அது.

தொகுதி எல்லை விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் பரிபூரண ஒற்றுமை. தேர்வெழுதுகிறவரே தன் விடைத்தாளைத் திருத்த யார் யார் வர வேண்டும் என்று பொறுக்கிக்கொள்ளும் வித்தை அது. இதில் நாங்கள் தலையிட முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்காகக் கைகழுவியது. 2025-இல் டெக்சாஸ் ஐந்து இடங்களைக் கூடுதலாகப் பிடுங்க வரைபடம் போட்டபோது, ஜனநாயகக் கட்சியினர் அந்த அக்கிரமத்தை எதிர்த்து மாநிலத்தைவிட்டே ஓடினார்கள். எங்கே? பெரும்பாலோர் இல்லினாய்க்கு. 2024-இல் டிரம்புக்கு 43 சதவீதத்துக்கு மேல் வாக்களித்த மாநிலம் அது. அங்கே 17 இடங்களில் 14 ஜனநாயகக் கட்சியிடம். அடைக்கலம் புகச் சரியான வீடு. நவம்பரில் கலிபோர்னியாவும் தன் பங்குக்கு ஐந்து இடங்களை வளைக்கும் வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு அறிஞர்கள் கண்டுபிடிப்பது ஒன்றுதான்: மக்களுக்குக் குடிமையறிவு போதவில்லை. 2016-இல் அன்னென்பெர்க் ஆய்வு மையம் மக்களைக் கேட்டபோது 26 சதவீதம் பேருக்குத்தான் மூன்று கிளையும் தெரிந்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டார்கள். 2024-இல் அது 65 சதவீதம். மக்கள் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த எட்டு வருடத்தில் தோற்ற அதிபரின் ஆட்கள் நாடாளுமன்றச் சுவரில் ஏறினார்கள், ஜன்னலை உடைத்தார்கள், போலீஸ்காரர்களை அடித்தார்கள். கிளை எத்தனை என்று தெரியாததாலா? எந்தக் கிளையை எந்த நாளில் முறித்தால் பலன் கிடைக்கும் என்று யாரோ துல்லியமாகச் சொல்லிக்கொடுத்ததால்.

வைத்தியர்களுக்கும் பஞ்சமில்லை. 2021-இல் கல்வியாளர்கள் வெளியிட்ட ஓர் அறிக்கையின் கணக்குப்படி, அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத்துக்கு மாணவர் ஒருவருக்கு வருடம் 50 டாலர் செலவிடும் மத்திய அரசு, குடிமையியலுக்குச் செலவிடுவது ஐந்து சென்ட். 2024 தேர்தலுக்குக் கொட்டிய பணமோ கிட்டத்தட்ட 1,600 கோடி டாலர். அந்தத் தேர்தலில் எலான் மஸ்க் குடிமையியலுக்குப் புதுப் பாடமுறையே கண்டுபிடித்தார்: அரசியல் சாசனத்தின் இரண்டு திருத்தங்களை ஆதரித்துக் கையெழுத்துப் போடு, தினம் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர். குலுக்கல் என்று ஊர் நம்பியது. ஆட்கள் முன்கூட்டியே பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் என்று அவர் தரப்பு வழக்கறிஞரே பின்னர் நீதிமன்றத்தில் சொன்னார். 2025 மார்ச்சில் கல்வித் துறையை இழுத்து மூடும் வேலையைத் தொடங்க அதிபர் ஆணையிட்டார். செப்டம்பரில் அதே துறை 40-க்கும் மேற்பட்ட அமைப்புகளைத் திரட்டிக் குடிமைக் கல்விக் கூட்டணி அறிவித்தது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விவேக் ராமசாமி, 2023-இல் அதிபர் வேட்பாளராக நின்றபோது இன்னும் ஒரு படி மேலே போனார்: 25 வயதுக்குக் குறைந்தவர்கள் ராணுவத்திலோ அவசர உதவிப் பணியிலோ சேவை செய்ய வேண்டும், அல்லது குடியுரிமைத் தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் வாக்கு இல்லை. வாக்களிக்கிறவனுக்குத் தேர்வு வைக்கலாம் என்று தோன்றியவருக்கு, வாக்கு கேட்டு நிற்கிறவனுக்கும் வைக்கலாமே என்று தோன்றவில்லை. செல்மா படிக்கட்டை மறுபடி கட்டித் தர ஆள் ரெடி.

உண்மையில் அமெரிக்காவில் குடிமையியல் வகுப்பு ஒரு நாளும் நின்றதில்லை. தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் விடுமுறையில்லாமல் நடக்கிறது. ஆசிரியர்கள் செனட்டர்கள், அமைச்சர்கள், அதிபர். பாடங்கள் இவை: சத்தியப் பிரமாணம் என்பது ஒரு நாள் விழா. கத்தினால் நன்கொடை வரும். தோற்றால் தோற்கவில்லை என்று சொல்லலாம். நாடாளுமன்றத்தை நம்ம ஆளுக்காக உடைத்தால், அவர் திரும்பி வந்த முதல் நாளே சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு. கேள்வி கேட்டால் விலங்கு. 2022-இல் நடந்த தேசிய மதிப்பீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் 22 சதவீதம் பேர்தான் குடிமையியலில் தேர்ந்தவர்கள் என்று வந்தபோது, இந்தத் தலைமுறைக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை என்று ஒப்பாரி வைத்தார்கள். பள்ளியில் சொன்ன பாடம் ஏறாமல் இருந்திருக்கலாம். இந்தப் பாடத்தில் அந்தப் பிள்ளைகள் நூற்றுக்கு நூறு. அவர்களுக்கும் ஒரு நாள் 35 வயதாகும்.